வாய் வைத்த காயம்

எங்கள் தறிக்குடோனில் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். பேசுவதற்கு இல்லை. இருபத்து நான்கு தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. நூல் அறுந்தால் நுனியைப் பல்லால் கடித்து விட வேண்டும். நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். நாடா என்பது தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற மரக்கட்டை. இரண்டு முனையிலும் கூரான இரும்பு இருக்கும். அதன் வயிற்றுக்குள் நூல் சுற்றிய குச்சியை வைப்போம். அந்தக் குச்சிக்குத் தார் என்று பேர். தாரிலிருந்து வருகிற நூல் நாடாவின் பக்கவாட்டில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும். ஓட்டையில் உதட்டை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் நூல் நாக்குக்கு வந்துவிடும். கூடவே பஞ்சுத் தூசியும் எண்ணெயும் வரும். அந்த வேலைக்கென்று ஒரு கம்பிக் கொக்கியும் உண்டு. அதை எடுத்து நிதானமாகக் கோத்துக்கொண்டிருந்தால் மற்ற தறிகள் நின்றுபோகும். ஆளுக்கு நான்கு தறி. கொக்கி ஆணியில் தொங்கித் துருப்பிடித்தது.

விரலில் வெட்டு விழுந்தாலும் அதே வாய்தான். தறியில் இறங்குவது வெள்ளைத் துணி. ஒரு சொட்டு ரத்தம் பட்டால் பீஸ் டேமேஜ். குடோன்காரர் அந்த இடத்தை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்க வைத்து ஏசுவார். அதற்குப் பயந்தே அடிபட்ட விரல் தானாக வாய்க்குள் போகும். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பக்கத்துத் தறிக்காரிக்கு ரத்தம் வழிகிறது, அவளுடைய இன்னொரு கை நூலைப் பிடித்திருக்கிறது என்றால் அவள் விரலை நம் வாயில் வாங்கிக்கொள்வதும் உண்டு. உறிஞ்சு, துப்பு, கழிவுப் பஞ்சை வைத்துக் கட்டு, தறியைத் தட்டி ஓட விடு. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். நாய் தன் புண்ணை நக்கியே ஆற்றிக்கொள்கிறது, நமக்கென்ன என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்துக்குப் போன சனம். சோமனூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் விசைத்தறி வந்த பிறகுதான் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுத் தறிக்குள் நுழைந்தோம். மாதா கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் ஊர் டீக்கடையில் எங்களுக்கு வேறு டம்ளர்தான். எங்கள் எச்சில் அவர்களுக்கு ஆகாது. அதே டீக்கடைக்காரரின் மச்சான் எங்கள் குடோனில் அடுத்த ஷிப்டுக்கு வருவான். நான் உறிஞ்சி வைத்த நாடாவை எடுத்து அவன் உறிஞ்சுவான். அதைப் பார்த்து நான் பலமுறை வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். எச்சிலில் தீட்டு உண்டா இல்லையா என்று அப்போது கேட்டிருந்தால், அதெல்லாம் மனுசன் கட்டிய கதை என்று சண்டைக்கு வந்திருப்பேன். எச்சிலில் வேறொன்று இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரர் இன்னொரு குடோனில் தறி ஓட்டினார். அவருடைய அம்மா, என் அத்தை, நான் வேலை செய்த குடோனிலேயே தார் சுற்றினாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து, காலிக் குச்சிகளில் நூலை ஏற்றி, பெட்டி நிறைந்ததும் தூக்கிவந்து தறிக்குத் தறி வைத்துவிட்டுப் போக வேண்டும். அவள் வலது கை ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். அத்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள், இல்லாவிட்டால் விட்டுவிடுவாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். குழம்பில் உப்பு, பிள்ளைக்குத் தலை வாருவது, நான் என் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு நாள் கூடத் தங்கியது, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு குத்தல் பேச்சு தயாராக இருக்கும். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை.

அந்த மாதம் சண்டைக்குக் காரணம் என் பல். கீழ்க்கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறு வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது. கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டிருந்தேன். பல் பிடுங்குகிற டாக்டர் என்றால் எனக்குக் குலை நடுங்கும்.

"அந்தச் சனியனப் புடுங்கிப்போட்டு வா புள்ள. பக்கத்துல வந்தா நாத்தம் குடலப் பொரட்டுது" என்றாள் அத்தை.

"நீங்க பக்கத்துல வராதீங்கத்தே" என்றேன்.

பேச்சு அதோடு முடிந்தது. மூன்று நாள் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. நான்காம் நாள் திங்கட்கிழமை.

அன்று முற்பகல் அத்தை தார்ப் பெட்டியோடு என் தறிக்கு வந்தாள். பேசாமலே பெட்டியை இறக்கிவிட்டு வலது கையைத் தறிப்பலகையில் ஊன்றி நிமிர்ந்தாள். இடுப்பு வலி, அப்படித்தான் நிமிர்வாள். அந்த நேரம் பார்த்து, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று அறுந்து சிக்கி, நாடா வழியை விட்டுப் பறந்தது. அதன் இரும்பு முனை அத்தையின் கட்டைவிரலுக்குக் கீழே சதையில் குத்திவிட்டுத் தரையில் விழுந்தது.

காயம் பெரிதில்லை. ஆமணக்குக் கொட்டை அளவு ஓட்டை. ஆனால் ஆழம். ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்து, பிறகு ரத்தம் பொத்துக்கொண்டு வந்தது. கைக்கு நேர் கீழே என் துணி, காலையிலிருந்து நெய்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பேசாத மாமியாரின் கையைத் தொட்டிருக்கவே மாட்டேன். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து இழுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன். உறிஞ்சினேன், துப்பினேன். மறுபடி உறிஞ்சினேன். மூன்று தடவையோ நான்கு தடவையோ. உப்புக் கரிப்பும் எண்ணெய் வாடையும் கிராம்புக் காரமும் ஒன்றாக நாக்கில் ஏறியது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு கழிவுப் பஞ்சை உருட்டி வைத்து, என் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். துணியில் ஒரு சொட்டு கூடப் படவில்லை. எனக்கு அதில் பெருமை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தை மஞ்சளைச் சுண்ணாம்போடு குழைத்துக் காயத்தின் மேல் அப்பிக்கொண்டாள். அன்று இரவு என் தட்டில் சோற்றை அவளே போட்டாள். சண்டை முடிந்தது என்று அர்த்தம். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இப்படி ஒரு காயம் பட்டுத்தான் சேர வேண்டும் என்று இருந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கை லேசாக வீங்கியது. புதன்கிழமை அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் தார் சுற்றினாள். கேட்டதற்கு "ஒண்ணுமில்ல அம்மணி, வாயு புடிச்சுக்கிச்சு" என்றாள். அம்மணி என்று என்னை அவள் கூப்பிட்டதே அந்த வாரத்தில்தான். அந்த ஒரு வார்த்தையில் நான் மயங்கிப்போய் மேலே கேட்கவில்லை. வியாழக்கிழமை அவளைக் கடந்து போகும்போது ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அடுப்படியெல்லாம் தேடினேன். வெள்ளிக்கிழமை காலை அவள் பாயை விட்டு எழவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டுக்காரர் முந்தானையை விலக்கிப் பார்த்தார். கை பூரி மாதிரி உப்பியிருந்தது. காயத்தைச் சுற்றிக் கருத்திருந்தது. முழங்கை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது.

"ஏம்மா சொல்லுல?" என்று கேட்டார் அவர். அழுகிற குரல்.

"சொன்னா வேலைக்கு உடமாட்டியே" என்றாள்.

பஸ் பிடித்துக் கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை என் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடியபடி வந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் தள்ளிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்பட வேண்டும் என்று அப்போது தெரியாதல்லவா, கிடைத்தவர்கள் மேல் பட்டேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், தூங்காத கண். கட்டை அவிழ்த்தார். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்.

"காயத்துல என்ன வெச்சீங்க?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்ங்க" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்கு முன்னாடி? சாணி? சாம்பல்? யாராவது வாய் வெச்சு உறிஞ்சுனீங்களா?"

 அந்த மனிதர் என்னவோ குடோனில் என் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நாந்தானுங்க சாமி" என்றாள். "என்ர வாய்லயே வெச்சு உறிஞ்சிப்போட்டேன்."

டாக்டர் குனிந்து அவள் வாயைப் பார்த்தார். புகையிலைக் கறை, நாலைந்து பல். நம்புவதற்கு அது போதும். நிமிரும்போது என் கன்னத்தையும் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று இருந்தது. கேட்கவில்லை.

"ஏம்மா, வாய் சுத்தம்னு யாரு சொன்னது?" என்று அவளிடம்தான் ஏசினார். "பல்லு இடுக்குல இருக்கற கிருமி வாயில இருக்கற வரைக்கும் உனக்கு ஒண்ணும் பண்ணாது. அத ஆழமான காயத்துக்குள்ள கொண்டுபோய் வெச்சா, கதவத் திறந்து உள்ள விட்ட மாதிரி. அதுலயும் உனக்குச் சர்க்கரை. கிருமிக்கு விருந்து." வீட்டுக்காரரைப் பார்த்து, "அடுத்தவங்க காயத்துலயும் வாய் வைக்காதீங்க. ரத்தத்துல மஞ்சக்காமாலை இருக்கலாம், எய்ட்ஸ் இருக்கலாம். உறிஞ்சுறவங்க வாயில புண்ணு இருந்தா அவங்களுக்கும் வந்துரும். தண்ணியும் சோப்பும் இல்லாத ஊரா உங்க ஊரு?" என்றார்.

குடோனுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி இருந்தது. என் தறியிலிருந்து முப்பது அடி. அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். முப்பது அடி நடந்து குழாயைத் திருகியிருந்தால் போதும்.

அன்று மத்தியானமே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, சீழ் உள்ளங்கை முழுக்கப் பரவிவிட்டது, கையை விட்டால்தான் ஆள் பிழைக்கும் என்றார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கம்மாவுக்கு ஏன் இந்தப் புத்தி?" என்று அவர் என்னிடம் கேட்டார். "வாய வெச்சாளாமே. பச்சப் புள்ளையா அவ?"

நான் சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த நிமிடம் சொல்லியிருந்தால் அவர் அடித்திருக்கலாம், அழுதிருக்கலாம், எப்படியும் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். சொல்லாமல் விட்டதால் தீராமல் போனது. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி அறுத்தார்கள்.

அத்தை வார்டில் கிடந்த நாட்களில் நான் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மரத்துப்போக ஊசி போட்டும் வலித்தது. இன்னும் வலிக்கட்டும் என்று இருந்தது எனக்கு. வாயில் பஞ்சோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அத்தை என் கன்னத்தைப் பார்த்தாள்.

"புடுங்கிட்டயா?"

தலையாட்டினேன்.

"ம்" என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் தார் சுற்றவில்லை. தார் மெஷினில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். வலது கை இல்லாத பொம்பளை எப்படி வாழ்வாள் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கொசுவம் வைக்க முடியாது. ஒற்றைக் கையால் கொண்டை போட முடியாது. கழுவுகிற கையாலேயே சாப்பிட வேண்டும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்பூன் வாங்கிக் கொடுத்தோம், தொடவில்லை. நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் வேகவேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்குமுன் தட்டைத் தள்ளிவிடுவாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வந்தாள். "நன்மைய நாக்குல வாங்கிக்கலாம், அதுக்குக் கை வேண்டாம்" என்று பூசையில் சாமியார் தருகிற அப்பத்தைப் பற்றி அவளே சொல்லிச் சிரித்தாள். சிலுவை போடுவது மட்டும் அந்த மொட்டைக் கையால்தான். முந்தானைக்குள்ளிருந்து அதை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோவாள். அந்த நேரம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். செபம் செய்கிறேன் என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

தெருவில் கேலி செய்தார்கள். அத்தை யாருக்கும் வாயால் மிச்சம் வைத்தவள் இல்லை, அதனால் கேலிக்குக் குறைவில்லை. "ஊரையே கடிச்ச வாயி, கடைசீல அவ கையையே தின்னுபோட்டுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, என் காது படவே. நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளோடு சண்டை பிடித்தேன். சண்டையில் எல்லாம் பேசினேன், ஒன்றைத் தவிர.

எங்கள் வீட்டுச் சண்டைகளும் நிற்கவில்லை. கை போனாலும் அத்தையின் நாக்கு போகவில்லை. உப்பு, பிள்ளை, அம்மா வீடு, எல்லாம் பழையபடி தொடர்ந்தது. ஒவ்வொரு சண்டையிலும் அவள் குரல் ஏறும்போது கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன். இதோ சொல்லப் போகிறாள், மகன் முன்னால் இப்போது போட்டு உடைக்கப் போகிறாள் என்று காத்து நிற்பேன். என் அப்பனை இழுத்திருக்கிறாள், என் சமையலை நாய் தின்னாது என்றிருக்கிறாள். கையைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவள் ஏன் அன்றைக்குப் பொய் சொன்னாள் என்று எனக்கு இன்று வரை சரியாகத் தெரியாது. என் மேல் பிரியத்தில் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மகனுடைய குடும்பம் உடையக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கலாம். மருமகள் எச்சிலால் கை போனது என்று ஊர் பேசுவது அவளுக்கு அவமானமாகவும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் நடந்தது உண்மை என்று ஆகிவிடும்.

இரண்டு வருடம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வீட்டு வாசலில் இருந்தோம். வீட்டுக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை படியில் உட்கார்ந்திருந்தாள். பெண் குழந்தை ஓடி வந்து ஜல்லிக் குவியலில் விழுந்தாள். முட்டியில் கல் கிழித்து ரத்தம். அவள் வீரிட்ட சத்தத்தில் நான் ஓடிப்போய்த் தூக்கினேன். படியில் உட்கார்த்தி வைத்தேன். குனிந்தேன்.

சத்தியமாக நான் எதையும் மறந்திருக்கவில்லை. இரண்டு வருடமாக அதைத் தவிர வேறெதையும் நினைத்ததில்லை. ஆனாலும் குனிந்தேன். உதடு தானாகக் குவிந்தது. பத்து வருடத் தறிப் பழக்கம் அது, தலைக்குச் சொல்லாமலே நடந்துவிடும்.

என் உதடு பட்டது பிள்ளையின் முட்டியில் இல்லை. வழவழவென்று, தையல் தழும்போடு, வேறொன்றில் பட்டது. அத்தை தன் மொட்டைக் கையைக் குறுக்கே நீட்டியிருந்தாள். நான் நிமிர்ந்தேன். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"தண்ணியூத்து" என்றாள். "சோப்புப் போட்டுக் கழுவு."

வீட்டுக்காரர் செயினிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். "ஏம்மா, சின்னச் சிராய்ப்பு. புள்ளைக்குப் பெத்தவ எச்சி வெச்சா என்ன ஆயிருது?"

அத்தை மகன் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னாள்.

"நான் வாய வெச்சுக் கெட்டது பத்தாதாடா?"

கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். முட்டியை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடியது. நான் அங்கேயே நின்று, அதே சோப்பால் என் வாயைக் கழுவினேன்.